சைக்காலஜி, கம்ப்யூட்டர், கல்வி மூணையும் சேர்த்து ஆராய்ச்சிக்கு போக முடியுமா? பென்னாகரம் தங்கச்சிக்கு ஒரு பதில்

பென்னாகரம் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம், சாயங்காலத்துல இல்லம் தேடி கல்வி தன்னார்வலரா ஊர்ல பசங்களுக்கு சொல்லிக் கொடுத்திருக்காங்க, அப்ப இருந்து ஒரு பிள்ளைக்கு படிப்பு எப்படி ஏறுது, ஏன் ஏற மாட்டேங்குதுன்னு தெரிஞ்சுக்கணும்னு ஆசை. சைக்காலஜி வேணும், கம்ப்யூட்டரையும் விடக்கூடாது, கல்வியிலயும் இருக்கணும், இப்படி மூணையும் சேர்த்து ஆராய்ச்சி பண்ற வேலைன்னு நிஜமாவே ஒண்ணு இருக்கா, இருந்தா எந்த கோர்ஸ்ல சேரணும்னு கேள்வி. வீட்டுல பி.எட் பண்ணு, இல்லன்னா பெங்களூர் ஐடி வேலைக்கு போன்னு சொல்றாங்களாம்.

இருக்கு தங்கச்சி. நான் காவேரிப்பட்டணம், இந்த துறையிலதான் வேலை பாக்குறேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், பின்னாடி சொல்றது எல்லாம் இதுல இருந்துதான் வரும். எந்த கோர்ஸ்னு ஆரம்பிக்காதீங்க, எந்த கேள்வின்னு ஆரம்பிங்க. மூணு பாடத்தையும் தனித்தனியா முடிச்சுட்டு அப்புறம் ஒண்ணா சேர்த்துக்கலாம்னு போறவங்களை நான் நிறைய பாத்திருக்கேன், வருஷம்தான் ஓடும், மூணுலயும் மேலோட்டமா நின்னுடுவாங்க. இந்த துறையில பேர் வாங்கினவங்க வாழ்க்கையை எடுத்துப் பாத்தா ஒரு கேள்வியை புடிச்சுக்கிட்டு ஒரு பாடத்துல ஆழமா இறங்கியிருப்பாங்க, மத்த ரெண்டையும் அந்த கேள்விக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு கத்துக்கிட்டிருப்பாங்க.

ஸ்கின்னரை எடுத்துக்கோங்க. ஹார்வர்ட்ல பெரிய சைக்காலஜிஸ்ட், எலி, புறா எல்லாம் வெச்சு பழக்கம் எப்படி உருவாகுதுன்னு ஆராய்ச்சி பண்ணவர். 1953ல தன் பொண்ணோட நாலாங்கிளாஸ் கணக்கு வகுப்பை பாக்கப் போறார். எல்லா பசங்களுக்கும் ஒரே கணக்கு, சிலதுங்க முடிச்சுட்டு சும்மா உக்காந்திருக்கு, சிலதுங்களுக்கு எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல, போட்டது சரியா தப்பான்னு நோட்டு திருத்தி திரும்பி வந்தாதான் தெரியும். ஆய்வகத்துல புறாவுக்குக் கூட உடனே பதில் கிடைக்குது, இங்க பிள்ளைக்கு கிடைக்கலையேன்னு தோணியிருக்கு. அடுத்த வருஷமே, 1954ல, ஒரு டீச்சிங் மெஷின் செஞ்சு காட்டினார். அந்த மெஷினை இன்னைக்கு யாரும் பயன்படுத்தறதில்ல. ஆனா ஒவ்வொரு பிள்ளைக்கும் அதோட வேகத்துல, உடனுக்குடன் திருத்தம் கிடைக்கிற மாதிரி சொல்லிக் கொடுக்க முடியுமாங்கற கேள்வி இன்னைக்கு வரைக்கும் ஓடிட்டிருக்கு, நீங்க உங்க ஊர் திண்ணையில உக்காந்து யோசிச்சதும் அதே கேள்விதான்.

பேப்பர்ட் வேற வாசல்ல வந்தவர். சீமோர் பேப்பர்ட் தென் ஆப்பிரிக்காக்காரர், அடிப்படையில கணித ஆளு. 1958ல இருந்து 1963 வரைக்கும் ஜெனீவாவுல பியாஜேகிட்ட வேலை பாத்தார், குழந்தைங்க எப்படி யோசிக்கறாங்கன்னு வாழ்நாள் முழுக்க ஆராய்ச்சி பண்ண அதே பியாஜே. அங்கிருந்து எம்ஐடி போய், 1967ல இன்னும் சில பேரோட சேர்ந்து லோகோன்னு குழந்தைங்களுக்கான ஒரு ப்ரோக்ராமிங் மொழியை உருவாக்கினார். இப்ப நம்ம பள்ளிகள்ல சில இடத்துல ஸ்க்ராட்ச் சொல்லித் தர்றாங்களே, 2007ல வெளிவந்தது, அது இந்த வழியில வந்ததுதான்.

என் மனசுக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம் ஜான் ஆண்டர்சன். பிட்ஸ்பர்க்ல கார்னகி மெலன் யுனிவர்சிட்டி. மனுஷன் ஒரு திறமையை எப்படி படிப்படியா கத்துக்கறான்னு ஒரு கோட்பாடு வெச்சிருந்தார், சுத்தமான சைக்காலஜி. அது சரியான்னு எப்படி சோதிக்கறது? அந்த கோட்பாட்டை வெச்சே கணக்கு சொல்லித் தர்ற ஒரு சாப்ட்வேர் செய்வோம், பசங்க அது எதிர்பாக்கற மாதிரி கத்துக்கறாங்களா, அது எதிர்பாக்கற இடத்துல தப்பு பண்றாங்களான்னு பாப்போம்னு 1980கள்ல ஆரம்பிச்சார். சாப்ட்வேர் விக்கறதுக்காக ஆரம்பிக்கல, தன்னோட கோட்பாட்டை சோதிக்க ஆரம்பிச்சார். அது பிட்ஸ்பர்க் அரசுப் பள்ளிகளுக்குள்ள போய், கடைசியில 1998ல ஒரு கம்பெனியாவே ஆச்சு. ஒரே வேலையில சைக்காலஜி, கம்ப்யூட்டர், கல்வி மூணும் இருக்கு பாருங்க, பிரிக்கவே முடியாது.

அதே சாப்ட்வேரை வெச்சு 2004ல ரயன் பேக்கர்னு ஒருத்தர் குழுவோட ஒரு ஆய்வு பண்ணார், அதை படிச்சப்பதான் எனக்கு இந்த துறை மேல நிஜமான பிடிப்பு வந்துச்சு. வகுப்புல உக்காந்து பசங்க கம்ப்யூட்டர் முன்னாடி என்ன பண்றாங்கன்னு பக்கத்துல இருந்து பாத்தாங்க. சிலது அரட்டை அடிக்குது, சிலது சும்மா பாக்குது. இன்னும் சிலது கணக்கை போடாம, ஹின்ட் பட்டனை தட்டிட்டே போய் கடைசி ஹின்ட்ல விடையே வந்துடும்னு தெரிஞ்சு அதை எடுத்து போட்டுடுது. அரட்டை அடிச்சவங்களை விட இப்படி சாப்ட்வேரை ஏய்ச்சவங்கதான் ரொம்ப குறைவா கத்துக்கிட்டிருக்காங்கன்னு தெரிஞ்சுது. நீங்க பசங்களுக்கு மொபைல்ல கேள்வி குடுத்துப் பாத்திருந்தா இது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், நாலு ஆப்ஷனையும் வரிசையா தட்டிப் பாக்கற பையன் எல்லா ஊர்லயும் இருக்கான். வெளியில இருந்து பாக்கறவங்க ஆகா பையன் என்ன சுறுசுறுப்பா பண்றான்னு நினைச்சுப்பாங்க. இதை கண்ணால பாக்கத் தெரியணும், லாக் டேட்டாவுல, அதாவது எதை எப்ப தட்டினாங்கன்னு கம்ப்யூட்டர் பதிஞ்சு வெக்கற குறிப்புல, கண்டுபிடிக்கத் தெரியணும், ஏன் அப்படி பண்றான்னு மனசு பக்கம் யோசிக்கத் தெரியணும், இந்த மூணும் தெரிஞ்ச ஆளுங்க நம்ம நாட்டுல ரொம்ப கம்மி.

மூணுல ஒண்ணு குறைஞ்சா என்ன ஆகும்னு ரெண்டு மூணு பெரிய ஆய்வு சொல்றேன், உங்க வீட்டுலயும் இதுக்கு என்ன அவசியம்னு கேட்டா சொல்லலாம்.

பெரு நாட்டுல ஆளுக்கு ஒரு லேப்டாப் திட்டம் கொண்டு வந்தாங்க, பேப்பர்ட் சிந்தனையில இருந்து வந்த திட்டம்தான். கிராமத்துப் பள்ளிகள் 300க்கும் மேல எடுத்து, லேப்டாப் குடுத்த பள்ளி குடுக்காத பள்ளின்னு ஒப்பிட்டுப் பாத்து 2012ல முடிவு வந்துச்சு. ஒரு பிள்ளைக்கு 0.12 கம்ப்யூட்டர்னு இருந்தது 1.18 ஆயிடுச்சு, ஏறக்குறைய 15 மாசம் கழிச்சு கணக்குலயும் மொழிப்பாடத்துலயும் சோதிச்சுப் பாத்தா முன்னேற்றம் எதுவும் தெரியல. பொருள் போய் சேந்துச்சு, ஆனா டீச்சர் அதை வெச்சு வகுப்புல என்ன மாத்தணும், பிள்ளை அதுல எதை எப்படி கத்துக்கும்னு யாரும் கட்டி வைக்கல.

இன்னொரு பக்கம் டெல்லி. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் மூணு பேரும் மைண்ட்ஸ்பார்க்குங்கற சாப்ட்வேரை பள்ளி முடிஞ்ச அப்புறம் நடக்கற மையங்கள்ல சோதிச்சாங்க, 2019ல வெளிவந்துச்சு. ஆறாவது படிக்கிற பிள்ளைங்க கணக்குல சராசரியா 2.5 வகுப்பு பின்தங்கி இருந்தாங்க, மேல போகப் போக அந்த இடைவெளி இன்னும் பெருசாச்சு. டீச்சர் ஆறாங்கிளாஸ் புத்தகத்தை நடத்திட்டிருப்பார், பிள்ளை மூணாங்கிளாஸ் மட்டத்துல நிக்கும். அந்த சாப்ட்வேர் பிள்ளை எந்த மட்டத்துல இருக்கோ அங்கிருந்து ஆரம்பிக்கும். நாலரை மாசத்துல கணக்குல 0.37, இந்தியில 0.23 ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (மார்க் எவ்வளவு பரவியிருக்குன்னு காட்டற அளவு) கூடுதலா முன்னேற்றம், கல்வி ஆய்வுகள்ல இது பெரிய எண். ஒண்ணு மட்டும் கவனிங்க, அந்த மையத்துல சாப்ட்வேரோட சின்ன குழுவா உக்கார வெச்சு ஒருத்தர் சொல்லிக் கொடுக்கறதும் இருந்துச்சு, அதனால எல்லா பலனையும் கம்ப்யூட்டர் கணக்குல எழுதிட முடியாது. பேப்பர் படிக்கறப்ப இப்படித்தான் நோண்டி நோண்டி படிக்கணும்.

மூணாவது, இப்ப எல்லாரும் பேசற ஏஐ. துருக்கியில ஒரு உயர்நிலைப் பள்ளியில கிட்டத்தட்ட ஆயிரம் பசங்க, கணக்கு பயிற்சிக்கு ஒரு குழுவுக்கு சாதாரண சாட்ஜிபிடி மாதிரி ஒண்ணு, இன்னொரு குழுவுக்கு விடையை நேரா சொல்லாம ஹின்ட் குடுக்கற மாதிரி டீச்சர்கள் துணையோட வடிவமைச்ச ஒண்ணு, மூணாவது குழுவுக்கு எதுவும் இல்ல. பயிற்சி நேரத்துல மொத குழு 48 சதவீதம், ரெண்டாவது குழு 127 சதவீதம் நல்லா பண்ணாங்க. அப்புறம் ஏஐய எடுத்துட்டு பரீட்சை வெச்சப்ப, சாதாரண சாட் வெச்சிருந்த குழு, எதுவுமே இல்லாம படிச்ச குழுவை விட 17 சதவீதம் கம்மியா எடுத்தாங்க. ஹின்ட் குழுவுக்கு அந்த அடி விழல. பேக்கர் 2004ல பாத்த அதே ஹின்ட் பட்டன் கதை 20 வருஷம் கழிச்சு வேற உருவத்துல வந்திருக்கு. ஏஐய கட்டறவங்களுக்கு மனசு எப்படி கத்துக்குதுன்னு தெரியலன்னா பிள்ளைங்க மேலதான் அது வந்து விடியும், அதனாலதான் உங்களை மாதிரி ஆளுங்க இதுக்கு வரணும்னு நான் இவ்வளவு வற்புறுத்தறேன்.

சரி, நம்ம ஊருக்கு வர்றேன். இதுதான் எனக்கு முக்கியமான இடம்.

நிறைய பேர் ஆராய்ச்சின்னா பாஸ்டன், பிட்ஸ்பர்க், மும்பைன்னு நினைச்சுக்கறாங்க. 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுலயே எழுத்தறிவுல கடைசியா இருந்த மாவட்டம் தர்மபுரி, அதனால இங்க இருந்து நாம என்ன சொல்லிடப் போறோம்னு ஒரு தயக்கம் நமக்கே இருக்கு. ஆனா கத்துக்கறதைப் பத்தின கஷ்டமான கேள்விங்க எல்லாம் இங்கதான் இருக்கு, வெளியில ஆய்வகத்துல உக்காந்திருக்கறவங்களுக்கு இப்படி ஒரு கேள்வி இருக்குன்னே தெரியாது.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் போய்ப் பாருங்க. வீட்டுல தெலுங்கு இல்ல கன்னடம், சில வீட்டுல உருது, ரோட்டுல எல்லாம் கலந்து, பள்ளியில தமிழ், 2006ல வந்த தமிழ் கற்றல் சட்டத்துக்கு அப்புறம் தெலுங்கு மீடியம், கன்னட மீடியம் பிள்ளைங்களுக்கும் தமிழ் கட்டாயப் பாடம், கம்ப்யூட்டரை திறந்தா மெனு எல்லாம் இங்கிலீஷ். இப்ப ஸ்க்ரீன்ல ஒரு வாக்கிய கணக்கு வருது, 'ஒரு கூடையில 48 மாம்பழம், அதுல மூணுல ஒரு பங்கு அழுகிடுச்சு, மீதி எத்தனை'ன்னு. பிள்ளை தப்பா போடுது. ஆப் என்ன பண்ணும், இவனுக்கு பின்னம் தெரியலன்னு முடிவு பண்ணி இன்னும் பத்து பின்னக் கணக்கை தள்ளும். அவனுக்கு பின்னம் தெரியும், மண்டியில அப்பாகூட நின்னு தினம் பங்கு பிரிக்கறவன், அவனுக்கு தெரியாதது அந்த வாக்கியம். இதை எப்படி பிரிச்சு கண்டுபிடிக்கறது? அதே கணக்கை வெறும் எண்ணா குடுத்துப் பாக்கலாம், தமிழ்ல எழுத்தா குடுக்கலாம், தமிழ்லயே குரல்ல குடுக்கலாம், தெலுங்குல குரல்ல குடுக்கலாம், எதுல தப்பு குறையுதுன்னு பாக்கலாம். பாத்தீங்களா, நாலு வரியில ஒரு ஆய்வு வடிவம் வந்துடுச்சு. மனசுல ஒரே நேரத்துல வெச்சுக்கக் கூடிய சுமைக்கு ஒரு எல்லை இருக்குன்னு ஜான் ஸ்வெல்லர்னு ஒரு கல்வி சைக்காலஜிஸ்ட் 1988ல இருந்து எழுதிட்டு வர்றார், பாஷையை புரிஞ்சுக்கவே அந்த இடம் எல்லாம் போயிட்டா கணக்குக்கு என்ன மிச்சம் இருக்கும்? ஸ்வெல்லர் கோட்பாட்டை தளி பள்ளியில சோதிச்சா அது அவர் கோட்பாட்டுக்கே புதுசா ஒண்ணு சொல்லும்.

இன்னொண்ணு. நம்ம மாவட்டத்துல எத்தனையோ வீட்டுல ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் அப்பாகிட்ட, அப்பா பெங்களூர்ல கட்டட வேலையில, சனிக்கிழமை ராத்திரி வருவார் திங்கக்கிழமை விடியக்காலம் பஸ் ஏறிடுவார். 1885ல எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன் சைக்காலஜிஸ்ட் மறதி எந்த வேகத்துல நடக்குதுன்னு தன்னையே வெச்சு அளந்தார், படிச்சதை இடைவெளி விட்டு திரும்பத் திரும்ப பாத்தா நிக்கும்னு அதுக்கப்புறம் நூறு வருஷமா உறுதியாயிட்டே வந்திருக்கு, இன்னைக்கு இருக்கற மொழி கத்துக்கற ஆப் எல்லாம் இந்த இடைவெளி கணக்கை வெச்சுதான் ஓடுது. ஆனா அந்த கணக்கு பிள்ளை தினமும் ஆப்பை திறக்கும்னு நினைச்சு போட்டது. வாரத்துல ஒண்ணரை நாள்தான் போன் கையில இருக்கும்னா அந்த இடைவெளியை எப்படி மாத்தணும்? மீதி நாளுக்கு பேப்பர் அட்டையை வெச்சு ஓட்ட முடியுமா? செபாஸ்டியன் லைட்னர்னு ஒருத்தர் 1972லயே அஞ்சு தட்டு வெச்ச அட்டைப்பெட்டி முறையை எழுதியிருக்கார், சரியா சொன்ன அட்டை அடுத்த தட்டுக்கு போகும், தப்பா சொன்னது மொத தட்டுக்கே திரும்பும், கரண்ட்டும் வேணாம் சிக்னலும் வேணாம். போனும் அட்டைப்பெட்டியும் சேர்ந்த ஒரு முறையை பென்னாகரத்துல சோதிச்சா அது சித்தேரி, வத்தல்மலை, பெட்டமுகிலாளம் மாதிரி சிக்னல் வந்து போற மலைக்கிராமத்துக்கும் உதவும். டெக்னாலஜின்னா ஸ்க்ரீன்தான்னு வெச்சுக்காதீங்க.

தமிழ்ப் பிள்ளைங்களை வெச்சு பண்ண ஆய்வுன்னு சொன்னா, சுகதா மித்ரான்னு ஒரு கல்வி ஆராய்ச்சியாளர் காளிக்குப்பத்துல பண்ணது ஒண்ணு இருக்கு, புதுச்சேரி பக்கம் கடற்கரை கிராமம். தமிழ் மட்டும் தெரிஞ்ச பிள்ளைங்ககிட்ட இங்கிலீஷ்ல மூலக்கூறு உயிரியல் பாடம் போட்ட கம்ப்யூட்டரை குடுத்து என்ன ஆகுதுன்னு பாத்தாங்க, 2010ல வந்துச்சு. பிள்ளைங்களே கொஞ்சம் கத்துக்கிட்டாங்க, பாடம் தெரியாத ஆனா பக்கத்துல நின்னு உற்சாகப்படுத்தற ஒருத்தர் இருந்தப்ப இன்னும் கத்துக்கிட்டாங்க. அவர் முடிவுகளை ஏத்துக்காதவங்க நிறைய பேர், எனக்கும் அவர் சொல்ற அளவுக்கு நம்பிக்கை இல்ல, ஆனா அந்த பக்கத்துல நிக்கற ஆள் என்ன பண்றாங்கங்கறது பெரிய கேள்வி. நீங்க திண்ணையில பண்ண வேலை அதுதானே.

இப்ப படிப்பு வழி. உங்க கையில கம்ப்யூட்டர் இருக்கு, அதனால இனி ஆழமா இறங்க வேண்டியது சைக்காலஜி பக்கம்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா டேட்டா பக்கம் நீங்களா பிடிச்சுக்குவீங்க, மனசை எப்படி அளக்கறதுங்கற பயிற்சி தனியா உக்காந்து வராது. சைக்காலஜி எம்.எஸ்சி நமக்கு பக்கத்துல சேலம் பெரியார் யுனிவர்சிட்டியில இருக்கு, சென்னைப் பல்கலையில இருக்கு, கோவை பாரதியார்ல இருக்கு. வேற டிகிரி முடிச்சவங்களை எடுப்பாங்களாங்கறது இடத்துக்கு இடம், வருஷத்துக்கு வருஷம் மாறும், அந்தந்த வருஷ ப்ராஸ்பெக்டஸ்ல தகுதி பகுதியை நீங்களே படிங்க, யார் சொல்றதையும் நம்பி விட்டுடாதீங்க. மனசு எப்படி யோசிக்குது, கத்துக்குதுன்னு பாக்கற காக்னிட்டிவ் சயின்ஸ்னு தனியாவே இருக்கு, ஐஐடி காந்திநகர்ல, அலகாபாத் யுனிவர்சிட்டியில, இங்க கம்ப்யூட்டர் படிச்சவங்க வந்தா சந்தோஷமா பாப்பாங்க. கல்வி பக்கம்னா அசிம் பிரேம்ஜி யுனிவர்சிட்டி எம்.ஏ எஜுகேஷன், அது சர்ஜாபூர்ல, ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில இருந்து திரும்பிப் போனா வந்துடும், குடும்ப வருமானத்தை பாத்து ஸ்காலர்ஷிப்பும் தர்றாங்க. மும்பையில டிஸ், அதாவது டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், இருக்கு. பி.எச்டிக்கு ஐஐடி பாம்பேயில எஜுகேஷனல் டெக்னாலஜின்னே தனியா இருக்கு, டிஐஎஃப்ஆர்ங்கற டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தோட ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் மும்பை மான்கூர்ட்ல இருக்கு, சயின்ஸ் எப்படி கத்துக்கறாங்கங்கறதுலயே டாக்டரேட் தர்ற இடம்.

ஒரு குழப்பத்தை மட்டும் தீத்துடறேன், ஏன்னா நம்ம பக்கம் சைக்காலஜின்னா கவுன்சிலிங்னு மட்டும்தான் தெரியும். பெங்களூர் போற பஸ் ஓசூர் ரோட்ல நிம்ஹான்ஸ்ங்கற மனநல மருத்துவமனையை தாண்டிதான் போகும், அதை பாத்து அங்கதான் சேரணும்னு நிறைய பேர் கேப்பாங்க. நோயாளிகளுக்கு சிகிச்சை தர்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகணும்னா ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் பெத்த படிப்பும் பதிவும் வேணும், அது தனி வழி. நீங்க கேக்கற வழிக்கு அது தேவையில்ல. நிம்ஹான்ஸ்லயே 2014ல இருந்து மொபைல், கேம் அடிமைத்தனத்துக்கு ஷட் கிளினிக்னு ஒண்ணு நடத்தறாங்க, டெக்னாலஜியும் மனசும் சேர்ற இன்னொரு முனை அது, ஆனா அது சிகிச்சை பக்கம்.

பி.எட் வீண்னு சொல்ல மாட்டேன். வகுப்பறையில நின்னு பழகினவங்க கேக்கற கேள்வியே வேற தரத்துல இருக்கும், அது ஆய்வகத்துல வராது. ரெண்டு வருஷம் பி.எட் முடிச்சு ஒரு ரெண்டு வருஷம் பள்ளியில வேலை பாத்துட்டு அப்புறம் ஆராய்ச்சிக்கு வந்தா அது நல்ல வழிதான், வீட்டுலயும் ஒத்துக்குவாங்க. ஐடி வேலை பத்தியும் அதே மாதிரி, கல்வி ஆப் செய்யற கம்பெனிகள்ல பயனாளர் ஆய்வுன்னு ஒரு வேலை இருக்கு, அங்க போனா இன்டர்வியூ எடுக்க, டேட்டா பாக்க கத்துக்கலாம். அங்க ஒரு எச்சரிக்கை, சில இடத்துல சைக்காலஜி தெரிஞ்ச ஆளை எடுக்கறதே பிள்ளையை ஸ்க்ரீன்லயே உக்கார வைக்கத்தான், அது எவ்வளவு கத்துக்கிச்சுன்னு யாரும் அளக்க மாட்டாங்க. இன்டர்வியூவுலயே கேட்டுடுங்க, நீங்க எதை அளக்கறீங்க, நேரத்தையா கத்துக்கறதையான்னு.

இதுக்கெல்லாம் முன்னாடி ஸ்டாட்டிஸ்டிக்ஸ். இதுல பயந்து ஒதுங்கினவங்க எல்லாரும் பின்னாடி கஷ்டப்படறாங்க. ஐஐடிகள் நடத்தற என்பிடெல் ஆன்லைன் தளத்துல இலவசமா கோர்ஸ் இருக்கு, புள்ளிவிவரக் கணக்கு போடற ஆர் (R) சாப்ட்வேரும் இலவசம், பைத்தான் உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கும். ஆனா வெறுமனே பார்முலா படிக்காதீங்க, ஒரு ஆய்வை உருவாக்கிப் பாருங்க. ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு சைக்காலஜிஸ்டுங்க 2006ல பண்ண சோதனை எளிமையா இருக்கும். மாணவர்களுக்கு ரெண்டு பத்தி படிக்க குடுத்தாங்க, ஒண்ணை அப்படியே திரும்ப படிச்சாங்க, இன்னொண்ணை பாக்காம ஞாபகத்துல இருந்து எழுதினாங்க. அஞ்சு நிமிஷத்துல சோதிச்சா திரும்ப படிச்ச பத்தி முன்னாடி, ஒரு வாரம் கழிச்சு சோதிச்சா எழுதிப் பாத்த பத்தியில 56 சதவீதம் ஞாபகம், திரும்ப படிச்சதுல 42 சதவீதம். நம்ம பசங்க பரீட்சைக்கு முந்தின நாள் வாசிச்சு வாசிச்சு எல்லாம் தெரியும்னு நம்பறது ஏன்னு இதுல விடை இருக்கு. இதை தமிழ்ப் பத்தி வெச்சு உங்க காலேஜ் தோழிங்க முப்பது நாப்பது பேர்கிட்ட பண்ணிப் பாருங்க, சீட்டு குலுக்கிப் போட்டு ரெண்டு குழுவா பிரிங்க, விருப்பம் கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. ஊர்ப் பசங்களை வெச்சு ஆய்வுன்னு மட்டும் தனியா எதுவும் ஆரம்பிக்காதீங்க, பெத்தவங்க சம்மதம், பிள்ளையோட சம்மதம், பள்ளின்னா தலைமை ஆசிரியர், முதன்மைக் கல்வி அலுவலர் அனுமதி, கல்லூரியோட நெறிமுறைக் குழு எல்லாம் இருக்கணும். நம்ம பிள்ளைங்க நமக்கு டேட்டா இல்ல, இதுல நான் கண்டிப்பா இருப்பேன்.

அந்த சின்ன சோதனையை ரெண்டு பக்கத்துல எழுதி வெச்சுக்கோங்க. நாளைக்கு ஒரு ப்ரொபசருக்கு மெயில் போடறப்ப, ஐயா எனக்கு ஆராய்ச்சியில ஆர்வம்னு எழுதறதை விட, தளி பக்கத்துல மூணு மொழி பேசற பிள்ளைங்க வாக்கிய கணக்குல ஏன் தடுமாறுதுன்னு பாக்க நினைக்கிறேன், உங்க இன்ன பேப்பர் படிச்சேன், இந்த இடத்துல எனக்கு சந்தேகம், நான் பண்ண சின்ன சோதனை இதுன்னு எழுதினா கண்டிப்பா திறந்து படிப்பாங்க. இங்கிலீஷ் தப்பா இருந்தா பரவால்ல, நானும் தமிழ் மீடியம்தான், பேப்பர் படிக்கப் படிக்க அந்த நடை வந்துடும். ஒரு பேப்பரை மூணு தடவை படிங்க, மொத தடவை புரியாது, அது எல்லாருக்கும் அப்படித்தான்.

பணம் பத்தி வீட்டுல பேசணும்ல, அதையும் எண்ணோட சொல்றேன். எம்.எஸ்சி ரெண்டு வருஷம் உங்க செலவு, அரசு இடத்துல சேந்தா தாங்கற அளவுதான். அதுல 55 சதவீதம், பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டின்னா விதிப்படி சலுகையில 50, எடுத்துட்டா யுஜிசி நெட், அதாவது காலேஜ் ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் நடக்கற தேசிய தேர்வு, எழுதலாம், வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்குது, சைக்காலஜியும் இருக்கு எஜுகேஷனும் இருக்கு. பிசி எம்பிசின்னா ஓபிசி சான்றிதழ் மத்திய அரசு வடிவத்துல வேணும், அதை இப்பவே தாலுகா ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடுங்க. அதுல ஜெஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா 2023ல இருந்து மாசம் 37,000 ரூபாய், ரெண்டு வருஷம் கழிச்சு 42,000, ஹாஸ்டல் இல்லன்னா வீட்டு வாடகைப்படி தனி. வயசு வரம்பு 30, பொண்ணுங்களுக்கு 5 வருஷம் தளர்வு இருக்கு. கேட் தேர்வுல 2021ல இருந்து சைக்காலஜி பிரிவு இருக்கு, ஐஐடி போக அது ஒரு வழி. வெளிநாடுன்னா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, அமெரிக்காவுல மாஸ்டர்ஸ்தான் லட்சக்கணக்குல கடன் ஆகும், பி.எச்டின்னா பெரும்பாலும் பீஸ் தள்ளுபடியும் மாச உதவித்தொகையும் சேர்த்தே தருவாங்க, அதனால கடன் வாங்கி மாஸ்டர்ஸ் போக அவசரப்படாதீங்க. பி.எச்டி அஞ்சு வருஷம் ஆகும்னு வெச்சுக்கோங்க. அப்புறம் காலேஜ், யுனிவர்சிட்டி வேலை, எஸ்சிஇஆர்டி (மாநில கல்வி ஆராய்ச்சி நிறுவனம்), டயட் (மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம்) மாதிரி அரசு இடங்கள், கல்வியில வேலை செய்யற தொண்டு நிறுவனங்கள், கம்பெனி ஆய்வுக்குழுன்னு போகலாம். காலேஜ் நிரந்தர வேலை சீக்கிரம் கிடைக்காது, அதை மறைக்க மாட்டேன்.

கல்யாணப் பேச்சு வரும், டிகிரி முடிஞ்ச கையோட நம்ம பக்கம் பொண்ணுங்களுக்கு அது எவ்வளவு வேகமா வரும்னு எனக்கு தெரியும். அப்பா அம்மாகிட்ட ஆராய்ச்சி பண்ணப் போறேன்னு பொதுவா சொன்னா அது அவங்களுக்கு முடிவே இல்லாத படிப்பு மாதிரி கேக்கும். எந்த வருஷம் எம்.எஸ்சி முடியும், எந்த மாசம் நெட் எழுதுவீங்க, கிடைச்சா கையில என்ன வரும், கிடைக்கலன்னா பி.எட்டா வேலையான்னு ஒரு தாள்ல எழுதி காட்டுங்க. உங்க வீட்டுல யாராவது டீச்சரா இருந்தா மொதல்ல அவங்ககிட்ட பேசுங்க, அவங்களுக்கு இந்த கேள்வியோட அருமை புரியும், உங்களுக்காக அவங்க பேசுவாங்க. அதுக்கும் முன்னாடி, இல்லம் தேடி கல்வியில நீங்க பாத்த பிள்ளைங்கள்ல யாரு எந்த இடத்துல முட்டி நின்னாங்கன்னு ஞாபகம் இருக்கறப்பவே ஒரு நோட்டுல எழுதி வெச்சுடுங்க, பேர் போடாம எழுதுங்க. எம்.எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு தலைப்பு என்னன்னு கைடு கேக்கறப்ப அந்த நோட்டை திறந்தா போதும்.